சண்முகக்கனியின் ஒன்பதாவது வளைகாப்பு

சண்முகக்கனிக்குப் பத்து மாதம் முடிந்து பதினோராவது மாதமும் பாதி போய், அப்போதும் பிள்ளை பிறக்காதபோது சுண்டங்குளத்தில் நாங்கள் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை, ஏனென்றால் அந்த வருஷம் எங்கள் ஊரில் எதுதான் சொன்ன நேரத்துக்கு வந்தது, மழை வரவில்லை, பீடிக் கம்பெனி ஏற்றித் தருவதாகச் சொன்ன கூலி வரவில்லை, ரேஷன் கடைக்குப் பாமாயில் வரவில்லை, ஐந்து மணி பஸ் ஆறரைக்கு வந்தது, இந்தப் பிள்ளை மட்டும் நாள் தவறாமல் வந்துவிட வேண்டுமா என்றுதான் இருந்தோம்.

கனி பீடி சுற்றுகிறவள். எங்கள் ஊரில் பெண்கள் எல்லாரும் பீடி சுற்றுகிறவர்கள்தான், ஆனால் கனியின் விரல் ஓடுகிற ஓட்டம் தனி, பேசிக்கொண்டே ஆயிரம் சுற்றிவிட்டுப் பேச்சை முடிக்காமல் எழுந்து போவாள். இப்போது வயிறு முன்னுக்கு வந்து மடியில் பீடித்தட்டு உட்காரவில்லை, வைத்தால் வழுக்கிக்கொண்டு போனது, இலையும் தூளும் தரையில் சிதறின. அவள் புருஷன் வெள்ளைத்துரை கேரளத்தில் புரோட்டா மாஸ்டராக இருந்தவன், பிள்ளை முகம் பார்க்க வந்தவன், பார்க்க முகம் இல்லாமல் ஒரு மாதமாக வீட்டிலேயே படுத்துக் கிடந்தான். ஊர் நர்சம்மா அமலோற்பவம் வாரம் ஒருமுறை ஸ்கூட்டியில் வந்து வயிற்றில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, துடிப்பு நன்றாக இருக்கிறது, தலை திரும்பித்தான் இருக்கிறது, ஏன் வரவில்லை என்று அதைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிப் போனார். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது பிள்ளை ஒரு கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்ததாம், டோக்கன் வாங்கிவிட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் போல.

எங்கள் தொகுதியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆளுகிறவர்கள் உரல் கட்சி, ஆளப் பார்க்கிறவர்கள் சாவிக் கட்சி, போன தேர்தலில் இரண்டுக்கும் ஒன்பது ஓட்டுதான் வித்தியாசம். சுற்றியிருக்கிற ஊர்களெல்லாம் தாத்தா காலத்திலிருந்தே பாதிக்குப் பாதி, சாமியே வந்து சொன்னாலும் மாறமாட்டார்கள், மாறுகிறவர்கள் சுண்டங்குளத்துக்காரர்களாகிய நாங்கள் மட்டும்தான். இதற்காக எங்களைக் கொள்கை இல்லாதவர்கள் என்று மேலப்பட்டிக்காரர்கள் பேசுவார்கள். பேசட்டும், அவர்கள் ஊருக்கு இன்றைக்கும் தார்ரோடு கிடையாது.

தேர்தலுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கையில் சென்னையிலிருந்து நிவாஸ் என்று ஒருவர் கருத்துக்கணிப்பு எடுக்க வந்தார், கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு பலகைக் கணினி. ஒரு வீட்டுக்கு ஒரு ஆளைத்தான் கேட்க வேண்டும், வீட்டுத் தலைவரைக் கேட்பது நல்லது என்பது அவருடைய கம்பெனி விதி. ஆகவே கனியின் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கட்டிலில் சாய்ந்திருந்த கனியைத் தாண்டி, வெள்ளைத்துரையைப் பார்த்துக் கேட்டார். எந்தத் தலைவர் மேல் நம்பிக்கை, விலைவாசி எப்படி, அடுத்த ஐந்தாண்டில் உங்கள் குடும்பத்தின் நிலை மேம்படுமா, அப்படியே இருக்குமா, மோசமாகுமா. வெள்ளைத்துரை, உரலுக்குத்தான் போடுவேன் என்றான். கனி வலது விலாவைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு மாரிச்செல்வம் எட்டிப் பார்த்து, இந்த விலைவாசியில் எவன் உரலுக்குப் போடுவான், சாவிதான் என்றான். கனி இடது விலாவைப் பிடித்துக்கொண்டாள். நிவாஸ் படித்தவர், இரண்டு தடவைக்கு மேல் அவருக்குத் தேவைப்படவில்லை, தெருவில் போன ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டுப் பார்த்தார், சொன்ன கட்சிப்படி பிள்ளை உதைத்தது, பொய் சொன்னவனுக்கு மட்டும் அவன் சொல்லாத பக்கத்தில் உதைத்தது.

புரட்டாசியில் சிலிண்டர் விலை ஏறிய அதே வாரத்தில் கம்பெனி இலையையும் குறைத்தது. ஒரே காலையில் ஊர் முழுக்கச் சாவிப் பக்கம் போய்விட்டோம், டீக்கடையில் உரல்காரன் கூட வாயைத் திறக்கவில்லை. பத்து மணிக்குக் கனிக்கு வலி எடுத்தது. வெந்நீர் போட்டார்கள், அமலோற்பவம் ஸ்கூட்டியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினார், பன்னிரண்டு மணிக்குத் தலை தெரியப் போகிறது என்ற நேரத்தில் தெருவுக்குள் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்து, பீடி சுற்றும் பெண்களுக்கெல்லாம் மூன்று சிலிண்டர் இலவசம், அரசின் அன்புப் பரிசு என்று கூவியது. பாதிப் பேர் மனம் இளகினோம். வலி நின்றுபோனது. அமலோற்பவம் கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"பிள்ளைக்கு ஒரு கோளாறும் இல்ல. நீங்க ஒரு முடிவுக்கு வாங்க, அது வந்துரும். உங்களத்தான் பாத்துக்கிட்டு கெடக்கு."

அன்றைக்கு நாங்கள் முடிவெடுக்கத்தான் இருந்தோம், இதைச் சத்தியமாகச் சொல்கிறோம். அரிசிக்கடை தங்கப்பழம் அண்ணாச்சி எங்கள் ஊரில் நல்லது கெட்டதுக்கு முன்னால் நிற்கிறவர், அவர் கடை முன்னால் சாயங்காலம் கூடினோம், எந்தக் கட்சியென்றாலும் சரி, ஒரு பெண் உயிர் என்று பேச ஆரம்பித்தோம். பேச்சு பாதியில் இருக்கும்போது உரல் கட்சி ஒன்றியச் செயலாளர் காரில் வந்து இறங்கி, ஊருக்கு என்ன குறை என்று கேட்டார். அவர் போன புழுதி அடங்குவதற்குள் சாவிக் கட்சிக்காரர் வந்து அதையே கேட்டார். எங்கள் தலைமுறையில் யாரும் எங்களிடம் அப்படிக் கேட்டதில்லை. கேட்டதும் எல்லாரும் கடைவாசலில் நின்ற அண்ணாச்சியைப் பார்த்தோம். தங்கப்பழம்தான் தொண்டையைச் செருமினார்.

"அவசரப்பட்டு என்ன ஆவப் போவுது? புள்ள உள்ளதான இருக்கு, எங்கயும் ஓடிப் போவலையே" என்றார்.

மேல்நிலைத் தொட்டி கார்த்திகையில் கட்டி முடித்தார்கள். மார்கழியில் பஸ் ஐந்து மணிக்கே வந்தது, ஒரு நாள் நாலேமுக்காலுக்கு வந்து எங்களுக்காகக் காத்து நின்றது, டிரைவர் இறங்கி வணக்கம் சொன்னார். ரேஷன் கடையிலிருந்து பாமாயிலை வீட்டுக்கே கொண்டு வந்து தந்தார்கள். கூலி ஏறியது. மந்திரி ஒருவர் வந்து குடிசையில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டார், தொண்டையில் முள் சிக்க, எங்கள் வைத்தியர் முதுகில் தட்டி எடுத்தார். யார் வந்து எந்தக் கேள்வி கேட்டாலும், சொல்ல இயலாது என்று பதில் சொல்லப் பழகிக்கொண்டோம், அந்தப் பலகைக் கணினியில் கடைசிக் கட்டம் அது, அதைத் தொடத் தொட நிவாஸுக்கே விரல் வலித்தது. உங்கள் பொருளாதார நிலை என்ன என்றால் சொல்ல இயலாது, எந்தத் தலைவர் நேர்மையானவர் என்றால் சொல்ல இயலாது, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டபோது கூட ஒருவன் பழக்கதோஷத்தில் அப்படியே சொல்லிவிட்டான். மேலப்பட்டிக்காரர்கள் பொறாமை தாங்காமல், தங்கள் ஊரில் ஒரு பசுமாடும் தேர்தலுக்காகக் கன்று போடாமல் இருப்பதாகச் செய்தி பரப்பினார்கள், போய்ப் பார்த்தால் அது காளை.

கனியைக் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார வைத்தோம். இரண்டு கட்சிக்காரர்களும், நிவாஸ் மாதிரியானவர்களும், டிவிக்காரர்களும் வரிசையில் வந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். வெளியூர்க் கை பெரும்பாலும் குளிர்ச்சியாக இருக்கிறது என்று கனி ஒருமுறை சொன்னாள், அதற்கென்று ஒரு வெந்நீர்ப் பாத்திரம் வைத்தோம், எங்களைக் குறை சொல்ல முடியாது. பதினாலு கணிப்பு நடந்தது. ஒன்றில் கூட அவளிடம் யாரும் கேள்வி கேட்கவில்லை. அந்த வீட்டுக்கு வெள்ளைத்துரை ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தான்.

வளைகாப்பை எங்கள் ஊரில் ஏழாம் மாதம் ஒருமுறை போடுவதுதான் வழக்கம். கனிக்குப் பதின்மூன்றாவது மாதத்தில் இரண்டாவது வளைகாப்பு போட்டோம், ஏனென்றால் ஊர் எந்தப் பக்கம் எவ்வளவு நிற்கிறது என்பது பிள்ளையின் உதையில் தெரிந்தாலும் துல்லியம் போதவில்லை, வளையலில் தெரிந்தது. ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு வளையல், உரல் என்றால் வலது கையில் சிவப்பு, சாவி என்றால் இடது கையில் பச்சை, பெண்கள் தங்கள் ஓட்டுக்கும் வீட்டு ஆண்கள் ஓட்டுக்கும் சேர்த்துப் போட்டார்கள். கை நிறைந்ததும் எண்ணிவிட்டுக் கழற்றி அடுத்த ஈடு. ஒரு பக்கம் கூடிவிட்டால், ஏம் மயினி, நீங்க ரெண்டு பேரும் உரல்னா எப்படி, ஒண்ணு மாத்துங்க என்று சிரித்துப் பேசி மாற்றிக்கொள்வோம். கைகள் வீங்கியிருந்ததால் சோப்பு போட்டுத்தான் கழற்ற வேண்டியிருந்தது. சில வளையல் உடைந்து கீறியது. மஞ்சள் வைத்தோம்.

வளைகாப்பு முடிந்தால் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அதுதான் முறை. கனியின் அம்மா கருப்பனூத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு மகளைக் கூட்டிப் போக வந்தாள். ஒவ்வொரு தடவையும் சோற்றை நாங்கள் சாப்பிட்டுவிட்டு, அடுத்த தடவை பார்க்கலாம் என்று அவளைத் தனியே பஸ் ஏற்றிவிட்டோம். கனி கருப்பனூத்துக்குப் போனால் தொட்டி கருப்பனூத்துக்குப் போகும், பஸ் கருப்பனூத்துக்குப் போகும், நாங்கள் என்ன பைத்தியமா. கிழவி காலிப் பாத்திரங்களை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள், பஸ் சரியான நேரத்துக்கு எடுத்துவிடும்.

பதினேழாவது மாதம் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா, வயிற்றைக் கீறி எடுத்துவிடலாம், புருஷன் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். வெள்ளைத்துரைக்கு அப்போதுதான் இரண்டு கட்சியும் சேர்ந்து பஸ் ஸ்டாண்டில் புரோட்டாக் கடை வைத்துக் கொடுத்திருந்தார்கள், கல்லு புதுசு, ஃபேன் புதுசு. அவன் பேனாவை வாங்கி, மூடியைத் திறந்து, மறுபடி மூடி, தேர்தல் முடியட்டும் என்றான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டோம். கனிக்குத் தினமும் முட்டைப் புரோட்டா கொண்டுபோய்க் கொடுத்தான்.

அதற்குப் பிறகுதான் கனி வீடு வீடாக வர ஆரம்பித்தாள். வயிற்றை இரண்டு கையாலும் அடியில் தாங்கிக்கொண்டு, ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு வர அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. "எந்தப் பக்கம்னாலும் சரி அத்தை. உரல்னா உரலு, சாவின்னா சாவி. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். எல்லாரும் ஒரு பக்கமாப் போயிருங்க. என்னால மூச்சு விட முடியல." நாங்கள் அவளை உட்கார வைத்தோம், மோர் கொடுத்தோம், விசிறினோம், பார்ப்போம் தாயி என்றோம். அவள் மேல் எங்களுக்கு அவ்வளவு பிரியம். எந்த வீட்டில் என்ன சமைத்தாலும் முதல் தட்டு அவளுக்குத்தான் போயிற்று, ஒரு ஊரே சேர்ந்து ஒருத்தியை இப்படி வைத்துப் பார்த்துக்கொண்டதை வேறு எங்கும் காட்ட முடியாது.

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒன்பதாவது வளைகாப்பு. இதற்குள் தங்கப்பழம் தெளிவாக ஒன்றை யோசித்திருந்தார். தேர்தலில் ஒரு கட்சி ஜெயித்துவிட்டால் தோற்றவன் வரமாட்டான், ஜெயித்தவனும் வரமாட்டான். இரண்டு பேரும் சமமாக நின்றால்தான் நமக்கு மரியாதை. சுண்டங்குளத்தில் இரண்டாயிரத்து நானூற்றுப் பதினோரு ஓட்டு. வளையலை எண்ணினோம். வலது கையில் ஈடு ஈடாகப் போட்டுக் கழற்றியது ஆயிரத்து இருநூற்று ஐந்து, இடது கையிலும் ஆயிரத்து இருநூற்று ஐந்து. குலவை போட்டார்கள். பலகையில் உட்கார்ந்திருந்த கனி, கன்னத்துச் சந்தனம் காய்ந்து உதிர, நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் ஒரு ஓட்டு இருக்குல்லா அண்ணாச்சி" என்றாள்.

"யாருது?"

"என்னுது."

குலவை நின்றது. அவள் முகத்தில் அன்றைக்குத்தான் நாங்கள் சிரிப்பைப் பார்த்தோம், வெகுநாளைக்குப் பிறகு, பீடி சுற்றிக்கொண்டே பேசுகிற பழைய கனியின் சிரிப்பு. அவள் எந்தப் பக்கம் குத்தினாலும் ஒரு பக்கம் ஜெயித்துவிடும், பிள்ளை வந்துவிடும். அவள் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. "அதுக்கென்ன தாயி, போட்டுக்கோ" என்று தங்கப்பழம் சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார்.

நாங்கள் அவளைப் பூட்டி வைக்கவில்லை, அந்த மாதிரி ஆட்களும் இல்லை. தேர்தல் நாளில் காலையிலேயே குளித்து, தலை வாரி, பள்ளிக்கூடத்துக்கு அவளே நடந்து வந்தாள். வரிசையில் எல்லாரும் விலகி வழிவிட்டோம். பட்டியல் வைத்திருந்த வாத்தியார் பக்கத்தைப் புரட்டினார், மறுபடி புரட்டினார், விரலை ஒரு வரியில் வைத்தார்.

"பேரு அடிச்சிருக்கும்மா."

"எதுக்கு சார்?"

"குடிபெயர்ந்தவர்னு போட்டிருக்கு. பிரசவத்துக்குத் தாய்வீடு போயிட்டதா உங்க வீட்டுலருந்தே எழுதிக் குடுத்திருக்காங்க."

கனி வயிற்றை அவர் மேசை விளிம்பில் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள், அவர் பட்டியலின் பாதியை அது மறைத்தது. அவரும் நல்ல மனிதர், அந்த வயிற்றைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், பட்டியலில் இருப்பதைத்தான் அவர் பார்க்க வேண்டும். கனி திரும்பினாள். வரிசையில் நான்காவது ஆளாக வெள்ளைத்துரை நின்றான்.

"நீங்கதான் கையெழுத்துப் போட்டியளா?"

"மறுபடி சேத்துக்கலாம் கனி. பேருதான" என்றான் அவன்.

அவள் அழுதாள். சத்தம் போடாமல், நின்ற இடத்திலேயே அழுதாள், பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னாள், "ஒரே ஒரு ஆளு மாத்திக் குத்துனாப் போதும். யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாம். உள்ள போயி ஒரே ஒரு ஆளு." நாங்கள் எல்லாரும் கையிலிருந்த சீட்டைப் படித்துக்கொண்டிருந்தோம்.

ஓட்டு எண்ணியபோது தொகுதியில் இரண்டு கட்சிக்கும் சமமாக வந்தது, ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. இன்றைக்கும் சுண்டங்குளத்தில் யாரைக் கேட்டாலும், மற்றவர்களைத் தெரியாது, நான் அன்றைக்கு அந்தப் பெண்ணுக்காக மாற்றித்தான் குத்தினேன் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறார்கள். பொய் என்று சொல்ல முடியாது. இரண்டாயிரத்து நானூற்றுப் பத்துப் பேரும் மாற்றிக் குத்தினாலும் சமமாகத்தான் வரும்.

சமமாக வந்தால் சீட்டுக் குலுக்க வேண்டும் என்பது சட்டம். அதிகாரி ஒரு எவர்சில்வர் டம்ளரில் இரண்டு சீட்டைப் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடி எடுத்தார். உரல். பட்டாசு வெடித்தது. வெடித்ததும் நாங்கள் எல்லாரும் கனி வீட்டுக்கு ஓடினோம், எங்களுக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறது, முடிவு வந்துவிட்டது, இனிப் பிள்ளை வரட்டும் என்று வெந்நீர் கூடப் போட்டுவிட்டோம். கனி கட்டிலில் மல்லாந்து, இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தாள். வெந்நீர் ஆறியது. மறுபடி போட்டோம், அதுவும் ஆறியது. அமலோற்பவம் குழலை வயிற்றில் வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டுச் சுருட்டிப் பையில் போட்டார்.

"சீட்டுல்லா முடிவு பண்ணிச்சி. நீங்க எங்க பண்ணுனிய?" என்றார். அதற்குப் பிறகு அவர் எங்கள் ஊரில் யார் வீட்டிலும் தண்ணீர் குடிப்பதில்லை. மாறுதல் கேட்டிருப்பதாகச் சொல்கிறார்கள்.

மறுநாள் நிவாஸ் வந்தார், தேர்தலுக்குப் பிந்தைய கணிப்புக்காக. வெள்ளைத்துரை கடையில் இருந்தான், கடையில் கூட்டம். வீட்டில் வேறு ஆள் இல்லாததால், விதிப்படி, வீட்டில் இருக்கிறவரைக் கேட்கலாம். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பதினைந்தாவது கணிப்பில் முதல் முறையாகக் கனியின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அடுத்த ஐந்தாண்டில் உங்கள் நிலை எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?"

கனிக்குக் கொஞ்ச நேரம் அது தன்னைக் கேட்டது என்று புரியவில்லை.

"என்னென்ன சொல்லலாம்னு இருக்கு சார்?"

"மேம்படும். அப்படியே இருக்கும். மோசமாகும். இல்லையென்றால், சொல்ல இயலாது."

அவள் வயிற்றைப் பார்த்தாள். அது உதைக்கவில்லை, வலதிலும் இல்லை, இடதிலும் இல்லை.

"அப்படியே இருக்கும்னு போட்டுக்கோங்க" என்றாள்.

நிவாஸ் அந்தக் கட்டத்தைத் தொட்டார், நன்றி சொன்னார், ஐந்து மணி பஸ்ஸுக்குப் போனார். தோற்ற சாவிக்காரர்கள் சீட்டு செல்லாது என்று கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள், மறுதேர்தல் வந்தாலும் வரலாம் என்கிறார்கள், இரண்டு பக்கத்திலிருந்தும் கார் வர ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு மேல்மாடி கேட்கலாமா, சுடுகாட்டுக்குக் கூரை கேட்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்த வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. வளையல்காரருக்குச் சொல்லியனுப்பியாயிற்று, பெரிய அளவாகப் பார்த்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம், கனியின் கை முன்னைவிட இன்னும் வீங்கியிருக்கிறது.